உயிர்ச்சக்கரமும் பின்னலூசியும்



திருப்பூர் சுழற்சியால் வாழும் ஊர். பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரங்களின் நூற்பாலைகளில் கதிர்கள் சுழல்கின்றன. நொய்யலின் இரு கரைகளிலும் உள்ள நிட்டிங் கூடங்களில் சிலிண்டர்கள் சுழல்கின்றன. பனியன் கம்பெனிகளின் பவர்டேபிள்களில் ஓவர்லாக், பிளாட்லாக் பொறிகளின் சக்கரங்கள் ஷிப்ட் முடியும்வரை ஓய்வதில்லை. இத்தனை சக்கரங்களுக்கு நடுவே, துணியும் நூலும் தராத ஒரு சக்கரத்தைப் பற்றியது இவ்வுரை. அது அட்டையும் காகிதமும் பசையும் கொண்டு கையாலேயே செய்யத்தக்க ஸோயிட்ரோப் என்னும் கருவி. கிரேக்க மொழியில் ‘ஸோயி’ என்பது உயிர். ‘ட்ரோப்பஸ்’ என்பது திரும்புதல். ஆகவே ‘உயிர்ச்சக்கரம்’ என்று தமிழில் வழங்குவது பொருத்தமாகும்.

விளையாட்டுப் பொருளுக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்று கேட்கலாம். இவ்வூரின் உழைப்பை இவ்வூராரே கண்ணால் காண முடியாதிருக்கும் ஒரு நிலையை அவ்விளையாட்டுப் பொருள் மாற்ற வல்லது. அதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

முதலில் அதன் வரலாறு. 1832-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசப் பிளாட்டோ ஒரு வட்டத் தட்டின் விளிம்பில் கீற்றுத் துளைகளை வெட்டினார். ஓர் அசைவின் அடுத்தடுத்த நிலைகளைத் தட்டின் முகத்தில் வரைந்தார். தட்டைக் கண்ணாடியின் முன் சுழற்றித் துளைகளின் வழியே பார்த்தபோது படங்கள் அசைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபர் என்பவரும் தனியே இதைக் கண்டறிந்தார். அவர் இட்ட பெயரிலிருந்தே ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற சொல் பிறந்தது. மனிதர் கண்ணுக்கு அசையும் ஓவியத்தைத் தந்த பிளாட்டோ, பின்னாளில் தம் பார்வையை முற்றிலும் இழந்தார் என்பது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

தட்டுக்கு ஒரு குறை இருந்தது. கண்ணாடி முன் நிற்கும் ஒருவர் மட்டுமே அதனைக் காண இயலும். 1834-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் தட்டை உருளையாக்கினார். உருளையின் சுவரில் துளைகள். உட்புறம் படங்கள். இப்புறத்துத் துளை வழியே அப்புறத்துப் படத்தைக் காணலாம். சுற்றிலும் எத்தனை பேர் நின்றாலும் அத்தனை பேருக்கும் காட்சி கிடைக்கும். தனியொருவர் காட்சி ஊரார் காட்சியாக மாறியது அப்போதுதான். ஹார்னரின் படைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1860-களில் அமெரிக்காவில் அதற்கு உயிர்ச்சக்கரம் என்ற பெயரும் காப்புரிமையும் கிடைத்தன; மில்டன் பிராட்லி நிறுவனம் அதனை வீடுதோறும் விளையாட்டுப் பொருளாகச் சேர்த்தது. 1877-இல் பிரெஞ்சுக்காரரான எமில் ரேனோ துளைகளை நீக்கிக் கண்ணாடிகளைப் பொருத்தினார். 1892-இல் பாரிஸ் நகரில், கையால் வரைந்த நீண்ட படச்சுருள்களைத் திரையில் காட்டினார். லூமியேர் சகோதரர்களின் சினிமா வந்ததும் அவர் கலை மங்கியது. மனமுடைந்த ரேனோ தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றைத் தம் கையாலேயே சேன் நதியில் எறிந்துவிட்டார்.

கொங்கு நாட்டிற்கும் அசையும் படத்திற்கும் பழைய உறவு உண்டு. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்தார். டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் அவர் எழுப்பிய வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்ற பெயர் பெற்றது. தாதாசாகேப் பால்கே பம்பாயில் 1912-ஆம் ஆண்டில் ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்து ஓட்டிக் காட்டினார். முழுநீளப் படம் எடுப்பதற்கு முன் அவர் செய்த அந்தச் சோதனையும், மெதுவாக நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படாத ஓர் அசைவைப் புலப்படுத்துவதாகவே அமைந்தது. திருப்பூரின் சிக்கல் அதற்கு நேர்மாறானது. இங்கே அசைவு மிகையான வேகத்தால் மறைந்து கிடக்கிறது.

நிட்டிங் மெஷினை எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்கும். முப்பது அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள ஒரு மெஷினின் சிலிண்டரில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் நிற்கின்றன. ஒவ்வோர் ஊசிக்கும் சிலிண்டரின் சுவரில் ஒரு செங்குத்துப் பள்ளம் உண்டு. ஊசியின் தலையில் கொக்கி. கொக்கியை மூடித் திறக்கச் சிறு நாக்கு. அந்த நாக்கு ஊசி 1849-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. ஊசி மேலெழும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு தண்டுக்கு இறங்கும். ஃபீடர் தரும் புதிய நூல் கொக்கிக்குள் விழும். ஊசி இறங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கை மேலே தள்ளி மூடிவிட்டு ஊசியின் தலையைக் கடந்து நழுவும். கொக்கி பிடித்த நூல் அதன் நடுவே புகுந்து புதிய கண்ணியாகத் தொங்கும். பனியன் துணி என்பது இந்த ஒரே நிகழ்ச்சி கோடிக்கணக்கான முறை நிகழ்ந்ததன் விளைவு.

அந்த மெஷினில் 90 ஃபீடர்கள் இருந்து, நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், ஒவ்வோர் ஊசியும் நிமிடத்துக்கு 2,250 கண்ணிகளைப் பின்னும். நொடிக்கு 37-க்கும் மேல். மனிதக் கண் அதனைத் தொடர இயலாது. ஊசிகள் நிற்கும் இடத்தில் ஒரு மங்கிய வெண்பட்டை மட்டுமே தெரியும். இருபது ஆண்டுகள் மெஷின் ஓட்டிய ஒருவர் நூல் அறுந்ததை ஓசையால் அறிவார். ஊசி முறிந்ததைத் துணியில் விழும் கோட்டால் அறிவார். ஓடும் மெஷினில் கண்ணி பிறக்கும் அக்கணத்தை அவரும் கண்டதில்லை.

உயிர்ச்சக்கரம் இங்கேதான் பயன்படுகிறது. அதனைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். வேண்டிய பொருள்கள் அனைத்தும் இவ்வூரின் கழிவிலேயே உள்ளன. ஏற்றுமதிப் பெட்டியின் அட்டை, கட்டிங் பிரிவில் கழித்த பேட்டர்ன் அட்டை, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு பேரிங் ஆகியவை போதும்.

பெட்டி அட்டையில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு வட்டங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அடித்தட்டு ஆகும். அதன் நடுமையத்தில் பேரிங்கைப் பொருத்த வேண்டும். மையம் ஒரு நூலளவு பிசகினாலும் படம் தள்ளாடும். சுவருக்கு, வளையத்தக்க பேட்டர்ன் அட்டையில் 20 சென்டிமீட்டர் உயரமும் 94 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உள்ள பட்டை தேவை. ஒட்டுவதற்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். பட்டையைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தால் பங்குக்கு ஏறத்தாழ 7.85 சென்டிமீட்டர். ஒவ்வொரு பங்கின் நடுவிலும், மேற்பாதியில், நான்கு மில்லிமீட்டர் அகலமும் ஏழு சென்டிமீட்டர் உயரமும் உள்ள துளை ஒன்றை வெட்ட வேண்டும். துளை அகன்றால் படம் குழம்பும். குறுகினால் படம் தெளிவடையும், ஆனால் ஒளி குன்றும். சுவரின் வெளிப்புறத்தைக் கறுப்பாக்கினால் பார்ப்பவரின் கண் துளைக்கு அப்பாலுள்ள படத்தில் நிலைக்கும்.

இனி அடுக்கு முறை. வழக்கமான உயிர்ச்சக்கரத்தில் படம் ஒரே தாளில் அமையும். அடுக்குச் சக்கரத்தில் சுவரை ஒட்டிய பட்டை பின்னணியாகும். அதற்கு உள்ளே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, வெட்டியெடுத்த காகித உருவங்களை நிறுத்திய வளையம் ஒன்று அமையும். அதற்கும் உள்ளே இன்னொன்று. உள்வளையங்கள் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்பட்டால் பார்வையை மறைத்துவிடும். எல்லா வளையங்களிலும் ஒரே எண்ணிடப்பட்ட நிலைகள் ஒரே ஆரக்கோட்டில் நிற்க வேண்டும். திருப்பூரின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளுக்கு இப்பாடம் புதிதன்று. நான்கு நிறப் பூவுக்கு நான்கு ஸ்கிரீன்கள். ரிஜிஸ்டர் சற்றே விலகினால் இலையின் பச்சை காம்பை விட்டு வெளியே நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வைக்கும் அந்தக் கண்ணும் கையும் இங்கும் வேண்டும்.

அடுக்கின் ஆழத்தை உலகக் கலைஞர் பலர் நாடியுள்ளனர். ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளியிட்ட ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ என்ற முழுநீளப் படம், கறுப்பு அட்டையில் கத்தரித்த உருவங்களைக் கண்ணாடித் தட்டின்மேல் வைத்துக் கீழிருந்து ஒளி பாய்ச்சி எடுக்கப்பட்டது. உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மாரே 1887-ஆம் ஆண்டளவில், பறக்கும் கடற்பறவையின் அடுத்தடுத்த நிலைகளைச் சிலைகளாகவே வார்த்து உயிர்ச்சக்கரத்தில் நிறுத்திச் சுழற்றினார். பறவையின் சிறகடிப்பை ஆராயவே அவர் அதனைச் செய்தார். தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தும் இம்மரபுக்கு உறவுடையது. பதனிட்ட தோலில் துளையிட்டு வண்ணம் தீட்டிய பாவை, வெள்ளைத் துணிக்குப் பின் விளக்கொளியில் அசைவதைக் கண்ட தலைமுறையினர் இன்றும் உளர்.

வரைவோர் மூன்று செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, பன்னிரண்டாம் படம் முடிந்தவுடன் முதற்படம் வரும். ஆகவே இறுதி நிலை தொடக்க நிலையில் கலக்க வேண்டும். இரண்டாவது, அடுத்த நிலையைக் காட்டும் படம் சக்கரம் சுழலும் திசைக்குப் பின்பக்கமாக நிற்க வேண்டும். மாற்றி ஒட்டினால் நடப்பவர் பின்னோக்கி நடப்பார். மூன்றாவது, துளையும் எதிர்ச்சுவரின் படமும் எதிரெதிர்த் திசையில் செல்வதால் படம் அகலத்தில் சுருங்கித் தெரியும். பார்ப்பவர் நிற்கும் தொலைவைப் பொறுத்து அது பாதி அளவுக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடைப்பட்டதாக அமையும். வட்டமான பந்தைக் காட்ட விரும்புவோர் அகன்ற நீள்வட்டத்தை வரைய வேண்டும்.

நொடிக்கு ஒரு சுற்று எனக் கையால் சுழற்றினால் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் கிடைக்கும். பழைய கிராமபோன் தட்டின்மேல் வைத்து 78 சுற்று வேகத்தில் ஓட்டினால் அது 15.6 ஆகும். பேசும்படத்தின் 24-ஐ எட்டாவிட்டாலும் அசைவை உணர இது போதும். ஒளி மேலிருந்து உள்ளே விழ வேண்டும். முற்றத்து வெயில் நன்று. பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை துடிப்பதால் படத்தில் வேண்டாத குழப்பம் தோன்றலாம்.

அத்துடிப்புக்கு ஒரு தொழிற்சாலைப் பாடமும் உண்டு. சுழலும் பொறி ஒன்று, துடிக்கும் விளக்கொளியில் அசையாது நிற்பதுபோல் தோன்றலாம். நிற்கிறது என நம்பிக் கைநீட்டுவது பேராபத்து. அதே இயல்பை நூற்பாலையினர் நன்மைக்கும் பயன்படுத்துகின்றனர். ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைக் கதிர்களின் வேகத்துக்கு ஒப்ப மின்னவிட்டால், சரியாக ஓடும் கதிர்கள் அசையாது நிற்பதுபோல் தெரியும். தளர்ந்த கதிர் ஒன்று மட்டும் மெல்லப் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டாம்ப்ஃபரின் வியன்னாத் தட்டுக்கும் கொங்கு நாட்டு நூற்பாலைக்கும் இத்தகைய இரத்த உறவு உண்டு.

இவ்வுறவை உயிர்ச்சக்கரத்திலேயே காணலாம். துளைகள் பன்னிரண்டு, பின்னணிப் பட்டையில் ஒரே மரம் பன்னிரண்டு முறை. காடு அசையாது நிற்கும். உள்வளையத்தில் மட்டும் ஓடும் மானின் நிலைகள் பதின்மூன்று என்றால், மான் மரங்களைக் கடந்து சக்கரத்தின் திசையிலேயே முன்னேறும். பதினொன்று என்றால் பின்னோக்கிச் செல்லும். ஒரு காகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் மாரீச மானை ஓட வைக்கலாம், திரும்பவும் வரவழைக்கலாம்.

எனினும் இவ்வூருக்கே உரிய படம் மானன்று, ஊசிதான். பின்பட்டையில் துணியும் பழைய கண்ணியும், நடுவளையத்தில் ஏறியிறங்கும் நாக்கு ஊசியின் பன்னிரண்டு நிலைகள், முன்வளையத்தில் நூல். சக்கரம் நொடிக்கு ஒரு முறை சுழன்றால் நொடிக்கு ஒரு கண்ணி பிறக்கும். நாக்கு திறப்பதும், நூல் விழுவதும், பழைய கண்ணி தன் இடத்தைப் புதியதற்குக் கொடுத்து நழுவுவதும் தெளிவாகத் தெரியும். அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. துளைகளின் வழியே ஒரே நேரத்தில் அருகருகே பல ஊசிகள் தோன்றும். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட ஒரு நிலை முன்னோ பின்னோ இருக்கும். ஆதலால் ஏற்றமும் இறக்கமும் ஊசி வரிசையில் ஓர் அலையாக ஓடும். நிட்டிங் மெஷினில் கேம் என்னும் வளைபாதை ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பி இறக்குவதும் இதே அலைதான். அட்டைச் சக்கரம் மெஷினின் பொம்மையாக மட்டும் நிற்கவில்லை. அதன் இயக்கத்தையே தன்னுள் கொண்டிருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன பயன்? பனியன் கம்பெனியில் உழைப்பு எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. டெய்லருக்கு பீஸ் ரேட். கைமடிக்கும் செக்கிங் பெண்களுக்கும் ஷிப்ட் கணக்கு. எத்தனை டஜன் என்பதே கேள்வி. ஒரு பீஸ் எவ்வாறு உருவாகிறது என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பார்த்தாலும் மெஷினின் வேகம் காட்டுவதில்லை. தம் பெற்றோர் பகலிரவாக எதைச் செய்கிறார்கள் என்று இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லில் தெரியும், கண்ணில் தெரியாது. கைப்பேசியில் ஓயாது ஓடும் படங்களைக் காணும் அப்பிள்ளைகளுக்கு, படம் ஓடுவது எவ்வாறு என்பதும் தெரியாது. இரண்டு அறியாமையையும் ஒரே அட்டை உருளை போக்க வல்லது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் இன்று இவ்வூர்த் தெருக்களில் தமிழ்க் குழந்தைகளோடு வளர்கின்றனர். உயிர்ச்சக்கரத்தைச் சூழ்ந்து நிற்க அவர்களுக்கு மொழி தடையாகாது.

இலக்கியம் பயில்வோர் கருதத்தக்க செய்தியும் இதில் உண்டு. துளையில்லாத திறந்த தட்டில் அதே படங்களைச் சுழற்றினால் நிறங்கள் கலந்த மங்கல் தவிர வேறொன்றும் தெரியாது. துளைக்கும் துளைக்கும் இடையே நிற்கும் கறுப்புச் சுவர் பார்வையை மறைப்பதால்தான் அசைவு பிறக்கிறது. விழித்திரையில் படம் சிறிது நேரம் தங்குவதே காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், அவ்விளக்கம் போதாது என்பதும் விடுபட்டதை மூளையே இட்டு நிரப்புகிறது என்பதும் தெளிவாயின. சொன்னவற்றுக்கு இடையே சொல்லாததை வைத்து, அதனைப் படிப்பவர் நெஞ்சில் நிகழவிடும் முறையைத் தொல்காப்பியர் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்தார். பத்தாண்டுகளாகக் கவிதையைக் கூடிப் படித்துவரும் ஒரு வட்டத்துக்கு, இடைவெளியின் ஆற்றலை விளக்க வேண்டுவதில்லை. அட்டையில் வெட்டிய துளையிலும் அதே ஆற்றல் வேலை செய்கிறது என்பதைச் சுட்டினால் போதும்.

பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தின் வருங்காலப் பணிகளில் ஒரு விடுமுறை நாள் இதற்கென ஒதுக்கப்படுமானால் நலம் பயக்கும். ஓர் உருளை செய்ய ஒரு பகற்பொழுது ஆகும். படம் வரைய இன்னொரு பகல். நிட்டிங் தொழிலாளி ஒருவர் ஊசியின் நிலைகளைச் சொல்லித்தர, பிரிண்டிங் தொழிலாளி ஒருவர் அடுக்குகளைப் பொருத்தித்தர, பிள்ளைகள் வெட்டி ஒட்டட்டும். சக்கரத்தைச் சுழற்றும் முதல் உரிமை, நொடிக்கு முப்பத்தேழு கண்ணிகளைப் பின்னும் மெஷினை ஓட்டியும் ஒரு கண்ணி பிறப்பதைக் கண்டிராத அந்தத் தொழிலாளிக்கே உரியது.